காற்றுத் துப்பாக்கியில் குறி பிசகாதிருக்க

சங்கத்தில் ஒரு பொருள் வாங்கப்பட்டு, அது எதிர்பார்த்தபடி வேலை செய்யாவிட்டால், முதலில் பழி பொருளின் மேல் விழும். அடுத்தபடியாக அதை வாங்கி வந்தவர் மேல் விழும். அதைக் கையாண்ட முறை எப்படி என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. தறியானாலும், மருந்து தெளிப்பானானாலும், தராசானாலும் இதுவே வழக்கமாக இருந்து வருகிறது. சென்ற ஆண்டு ஒரு காற்றுத் துப்பாக்கியின் விஷயத்தில் இதை நேரில் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கத்தினர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பரமக்குடி வட்டாரத்தைச் சேர்ந்த நெசவாளர் சங்கம் ஒன்றில், இளைஞர்கள் 20 பேர் ஆளுக்கு 500 ரூபாய் வீதம் போட்டு, சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கி ஒன்று வாங்கினார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை நாம் கொண்டாடும் கூட்டுறவு வாரத்தில் குறிபார்த்துச் சுடும் போட்டி ஒன்று நடத்த வேண்டும் என்பது அவர்கள் ஆசை. சங்க நிதியிலிருந்து இதில் ஒரு காசும் சேரவில்லை. வாங்கி வரும் பொறுப்பை மட்டும் சங்கத்தின் காரியதரிசியிடம் ஒப்படைத்தார்கள்.

துப்பாக்கி வந்தது. பத்து மீட்டர் தொலைவில் அட்டை கட்டிச் சுட்டார்கள். ஒரு குண்டு மேலே போயிற்று. அடுத்தது கீழே போயிற்று. மூன்றாவது அட்டையிலேயே படவில்லை. இரண்டு வாரம் இப்படியே கழிந்த பிறகு, "கழித்துப் போட்ட சரக்கைத் தலையில் கட்டிவிட்டார், கடைக்காரரிடம் ஏதோ வாங்கியிருப்பார்" என்ற பேச்சு எழுந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சங்கக் கணக்கில் ஒரு பைசாவும் பிசகாமல் எழுதி வந்த மனிதர் அவர். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைக் கிளப்பப் போவதாகவும் சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஆய்வுக்காகச் சென்றிருந்தபோது, கணக்குப் புத்தகங்களோடு அந்தத் துப்பாக்கியையும் கொண்டு வந்து மேஜை மேல் வைத்து, "ஐயா, தாங்களே ஒரு முறை சுட்டுப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்" என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

துப்பாக்கியின் உள்ளமைப்பு

குறி ஏன் பிசகுகிறது என்பதை அறிய, உள்ளே நடப்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்வகைத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. குழலைப் பிடித்து மடக்கி இழுக்கும்போது, அதனோடு இணைந்த நெம்புகோல் உள்ளேயிருக்கும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளிப் பலமான சுருள்வில்லை அமுக்குகிறது. அமுங்கிய வில்லை ஒரு கொக்கி பிடித்துக்கொள்கிறது. பிறகு ஈயக் குண்டைக் குழலின் பின்வாயில் பொருத்தி, குழலை நிமிர்த்தி மூடுகிறோம். விசையை இழுத்ததும் கொக்கி விடுபடுகிறது; வில் விரிந்து பிஸ்டனை முன்னே எறிகிறது; அதற்கெதிரே அடைபட்டிருந்த காற்று நெருக்குண்டு, ஒரு சிறு துவாரத்தின் வழியே பாய்ந்து குண்டை உந்துகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கினால் விரலைக் காற்று தள்ளுகிறதல்லவா? தத்துவம் அதுவே, வேகம்தான் வேறு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கனமான பிஸ்டன் முன்னே பாயும்போது, துப்பாக்கி முழுவதும் பின்னுக்கு உதைக்கிறது. பிஸ்டன் தன் ஓட்டத்தின் முடிவில் நெருக்குண்ட காற்றின் மேல் மோதி நிற்கும்போது, துப்பாக்கி முன்னுக்கு இழுபடுகிறது. இவ்விரண்டு அசைவுகளும் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கு வினாடிக்குள் நடந்துவிடுகின்றன. ஆனால் குண்டு குழலை விட்டு வெளியேறுவதும் அதே நேரத்தில்தான். அதாவது, குண்டு குழலுக்குள் இருக்கும்போதே துப்பாக்கி அசைந்துவிடுகிறது. அந்த அசைவை நிறுத்த எவராலும் இயலாது. ஒவ்வொரு முறையும் அது ஒரே விதமாக அசையும்படி செய்வது ஒன்றே நம்மால் ஆவது.

நெசவாளர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஊடையை அடிக்கும் அடி பலமாக இருந்தால் நல்ல துணி, மெதுவாக இருந்தால் மோசமான துணி என்று எவரும் சொல்லமாட்டார். அடி சீராக இருக்க வேண்டும். சீர் கெட்டால் ஓரிடம் நெருக்கமும் ஓரிடம் கலக்கமுமாகத் துணி அமைந்துவிடும். காற்றுத் துப்பாக்கிக்கும் இதுவே விதி.

இத்தொல்லையை ஒழிக்க 1960-களில் ஜெர்மானியர் இரண்டு உபாயங்களைக் கையாண்டார்கள். இயந்திரப் பகுதி முழுவதும் கட்டையின் மேல் தண்டவாளத்தில் வழுக்குவதுபோல் நழுவும்படி அமைத்தது ஒன்று; இரண்டு பிஸ்டன்களை எதிரெதிர்த் திசையில் ஓடவிட்டு, ஒன்றின் உதைப்பை மற்றொன்று ஈடுசெய்யும்படி அமைத்தது மற்றொன்று. 1984-இல் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி ஒலிம்பிக் விளையாட்டில் இடம் பெற்றது. நாளடைவில் போட்டித் துப்பாக்கிகள் சுருள்வில்லையே விட்டுவிட்டு, முன்கூட்டி அடைத்துவைத்த காற்றால் இயங்கத் தொடங்கின. 2008-இல் பீஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவும், 2012-இல் லண்டனில் வெண்கலம் பெற்ற, சென்னையில் பிறந்த ககன் நாரங்கும், 2019-இல் ரியோ உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்ற, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் கையாண்டவை அத்தகைய துப்பாக்கிகளே. அவர்கள் சுடும் அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்தான். நமது சங்கத்து இளைஞர்களின் துப்பாக்கி விலையில் சிறியது, உதைப்பது. அதனிடம் அந்த நுட்பத்தை எதிர்பார்க்கலாகாது. எனினும், பத்து மீட்டர் தொலைவில் ஐந்து குண்டுகளை ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடக்கும் ஆற்றல் நல்ல சுருள்வில் துப்பாக்கிக்கு உண்டு.

நான் செய்த பிழை

நானும் முதலில் தவறே செய்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரியில் தேசிய மாணவர் படையில் இருந்தபோது வெடிமருந்துத் துப்பாக்கியைத் தோளோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கப் பழகியவன் நான். அந்தப் பழக்கத்தாலேயே, குழலை மேஜை விளிம்பில் ஊன்றி, இரு கைகளாலும் இறுகப் பற்றி ஐந்து குண்டுகள் சுட்டேன். ஐந்தும் என் உள்ளங்கை அகலத்துக்குப் பரவி விழுந்தன. துப்பாக்கி பழுதுள்ளதுதான் என்று மனத்துக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

அச்சமயம், சங்கத்தில் தார் சுற்றும் வேலை செய்யும் பெண்ணொருத்தி, தானும் சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். துப்பாக்கி அவளுக்குக் கனமாயிருந்தது. இறுக்கிப் பிடிக்க வலுவில்லாமல், திறந்த உள்ளங்கையின் மேல் அதைக் கிடத்தி, கன்னத்தை இலேசாகச் சாய்த்துச் சுட்டாள். அவளுடைய ஐந்து குண்டுகளும் நடுப்புள்ளிக்கு நான்கு விரற்கடை இடப்புறம் விலகி விழுந்தன. ஆனால் ஐந்தும் ஒரு புளியங்கொட்டை அளவு இடத்தில் நெருங்கி விழுந்திருந்தன. சுற்றி நின்றவர்கள், "நடுவில் படவில்லையே!" என்று சிரித்தார்கள். எனக்கோ வெட்கமாயிருந்தது. துப்பாக்கியில் பெரிய பழுதில்லை என்பதை அந்த ஐந்து துளைகளும் சொல்லிவிட்டன. குண்டுகள் நெருங்கி விழுமானால், அவற்றை நடுவுக்குக் கொண்டு வருவது குறிமுள்ளைத் திருப்பும் வேலைதான். சிதறி விழுமானால், குறிமுள்ளை எத்தனை திருப்பியும் பயனில்லை. சிதறலின் காரணத்தையே தேட வேண்டும்.

காரணங்களைத் தேடும் முறை

அதன்பின் இளைஞர்களுடன் அமர்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் பத்தி பிரித்து, ஒவ்வொரு காரணமாகச் சோதித்தோம். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றக் கூடாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொண்டோம். இரண்டை மாற்றினால், பலன் எதனால் வந்தது என்று தெரியாமற் போகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து குண்டுகள் சுட்டு, அட்டையை எண்ணிட்டு, நூலில் கோத்து வைத்தோம்.

முதலாவது, பிடி. துப்பாக்கியின் முன்பகுதி திறந்த உள்ளங்கையில், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், சும்மா கிடக்க வேண்டும். விரல்களால் கவ்வக் கூடாது. தோளில் இலேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். கன்னமும் அப்படியே. மேஜையிலோ சுவரிலோ ஊன்றினால் துப்பாக்கி அதிலிருந்து எகிறும். ஊன்றித்தான் சுட வேண்டுமானால், மணல் நிரப்பிய மெல்லிய பையை வைத்து, அதன்மேல் கையை வைத்து, கையின்மேல் துப்பாக்கியை வைக்க வேண்டும். கட்டையில் கை இருக்கும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடிட்டு அடையாளம் செய்துகொண்டோம்.

இரண்டாவது, திருகாணிகள். முன்னும் பின்னும் அதிர்வதால், கட்டையையும் இயந்திரத்தையும் பிணைக்கும் திருகாணிகள் நாளடைவில் தளர்ந்துவிடும். எங்கள் துப்பாக்கியில் முன்பக்கத்துத் திருகாணிகள் இரண்டும் விரலாலேயே திருகும்படி இருந்தன. இரண்டு வாரமாக எவரும் பார்க்கவில்லை! சுடத் தொடங்குமுன் இவற்றைப் பார்ப்பதை வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும். மட்டாக இறுக்கினாற் போதும். வெறி கொண்டு முறுக்கினால் மரம் நசுங்கிவிடும். மடக்கும் இடத்தில் குழல் பக்கவாட்டில் ஆடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆடினால் பழகிய தொழிலாளியிடம் காட்டுவதே நன்று.

மூன்றாவது, குண்டு. இத்துப்பாக்கியின் ஈயக் குண்டு இடை சிறுத்து, பின்புறம் பாவாடை போல் விரிந்திருக்கும். அந்தப் பாவாடை காற்றின் அழுத்தத்தால் விரிந்து குழலை அடைத்துக்கொண்டால்தான், குழலின் சுருள்வரி குண்டைச் சுழற்றிச் செலுத்தும். பாவாடை நசுங்கிய குண்டு நேரே போகாது. எங்கள் டப்பாவில் பலமுறை கீழே விழுந்து நசுங்கியவை ஏராளமாக இருந்தன. அன்றியும், மூன்று கடைகளில் வாங்கிய மூன்று வகைக் குண்டுகளையும் ஒன்றாகக் கொட்டி வைத்திருந்தார்கள். 4.5 மில்லிமீட்டர்க் குண்டின் எடை பொதுவாக அரை கிராம் அளவு. அதில் சிறிது வேறுபட்டாலும் குண்டு விழும் இடம் மாறும். வகைவகையாகச் சுட்டுப் பார்த்து, தன் துப்பாக்கிக்கு ஒத்துவருவதைத் தேர்ந்து, அதையே விடாமல் வாங்க வேண்டும். அட்டையில் சுடுவதற்குத் தட்டைத் தலைக் குண்டு ஏற்றது; தாளில் துளை வட்டமாக விழும்.

நான்காவது, எண்ணெய். இதில் நல்லெண்ணம் கொண்டவர்களே தீங்கு செய்துவிடுகிறார்கள். மெஷின் எண்ணெயைக் காற்றுத் துவாரத்தில் விட்டால், நெருக்குண்ட காற்றின் சூட்டில் அது தீப்பற்றி வெடிக்கிறது. டீசல் இயந்திரத்தில் நடப்பதும் இதுவே. அதனால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்தில் போகிறது; வில்லும் பிஸ்டனின் அடைப்பும் கெடுகின்றன. புதிய துப்பாக்கியில் முதல் சில குண்டுகளுக்குப் புகை வருவதும், குறி நிலையில்லாதிருப்பதும் உள்ளே மிஞ்சிய எண்ணெயால் இருக்கலாம். ஓரிரு நூறு குண்டுகள் சுட்ட பின்னரே அது தன் நிலைக்கு வரும். எண்ணெய் மடக்கு மூட்டுக்கு ஒரு சொட்டும், வெளியிரும்புக்குத் துடைக்கும் துணியில் சிறிதும் போதும். மண்டபம், இராமேசுவரம் போன்ற உப்புக்காற்றுப் பகுதிகளில் உள்ளவர்கள் சுட்டு முடித்ததும் அன்றன்றே துடைத்துவைக்காவிட்டால் துரு ஏறிவிடும்.

ஐந்தாவது, விசை. விசையைச் சட்டென்று பிடுங்கக் கூடாது. மூச்சைப் பாதி வெளியே விட்டு நிறுத்தி, எப்போது விடுபடும் என்று தமக்கே தெரியாதபடி மெல்ல அழுத்த வேண்டும். குண்டு போன பின்னும் ஓரிரு வினாடி கண்ணைக் குறியிலிருந்து எடுக்காமலிருக்க வேண்டும். பட்டதா என்று தலையைத் தூக்கிப் பார்க்கும் அவசரமே பாதிக் குண்டுகளைக் கெடுக்கிறது.

ஆறாவது, தொலைவும் காற்றும். வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு, பத்து மீட்டர் போவதற்குள் 2 சென்டிமீட்டர் அளவு தாழ்கிறது. தொலைவு இரு மடங்கானால் தாழ்வு நான்கு மடங்காகிறது. ஆகவே தொலைவை அடியால் அளக்காமல் நாடாவால் அளந்து, முளையடித்து வைக்க வேண்டும். நமது கடற்கரையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இவ்வளவு இலேசான குண்டு பக்கவாட்டில் விலகும். காற்று ஓய்ந்திருக்கும் காலை வேளையே பழகுவதற்கு உகந்தது.

இவ்வளவையும் முடிக்க எங்களுக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. செலவு ஒரு டப்பா நல்ல குண்டும் ஒரு திருப்புளியும்தான். இரண்டாம் நாள் மாலையில், பதினொரு இளைஞர்கள் சுட்ட அட்டைகளில் ஒன்பதில் ஐந்து குண்டுகளும் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் மூடக்கூடிய இடத்தில் விழுந்திருந்தன.

செய்யத் தகாதவை

குண்டு வைக்காமல் வெறுமனே விசையை இழுத்துப் பார்க்கக் கூடாது; தடுக்கும் காற்றழுத்தம் இல்லாமல் பிஸ்டன் இரும்பில் மோதி உடையும். வில்லை அமுக்கியபடியே நெடுநேரம் வைத்திருக்கக் கூடாது. குண்டு வைக்கும்போது மடக்கிய குழலை ஒரு கையால் பற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொக்கி வழுக்கிவிட்டால் குழல் நிமிர்ந்து விரல் நசுங்கும். இது விளையாட்டுச் சாமான் அன்று, கண்ணைப் பறிக்கக்கூடியது. அட்டைக்குப் பின்னால் மணல் மூட்டை அடுக்க வேண்டும்; கல்லிலும் இரும்பிலும் பட்ட குண்டு திரும்பி வரும். சுடுபவரைத் தாண்டி ஒருவரும் முன்னே செல்லக் கூடாது. ஈயம் விஷமாதலால் சுட்டபின் கை கழுவாமல் உணவைத் தொடலாகாது.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அதற்கு மேற்பட்டவற்றுக்கு உரிமம் வேண்டும். வாங்கும்போதே இவ்விரு அளவுகளையும் ரசீதில் எழுதி வாங்குவது நலம்.

அன்று கூடியிருந்தவர்களில் விவசாய அங்கத்தினர் ஒருவர், "மிளகாய்க் கொல்லையை மயில் பாழாக்குகிறது, இதைக் கொண்டு விரட்டலாமா?" என்று கேட்டார். அவருடைய வருத்தம் நியாயமானது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நமது குண்டு மிளகாயை விளைவிக்க அவர் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் மயில் 1963 முதல் நமது தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அதைச் சுடுவது கடுமையான குற்றம். கிளிக்கும் நாரைக்கும் அச்சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. நமது மாவட்டத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைச் சரணாலயங்கள் 2022-இலும், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் சரணாலயங்கள் 2025-இலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. வேற்று நாட்டவர் மதிக்கும் விருந்தாளிகளை நாம் சுடலாமா? மின்னும் நாடா கட்டுவதும், வலை போடுவதும், முறைவைத்துக் காவலிருப்பதுமே நமக்குரிய வழிகள். சங்கமாகச் சேர்ந்து செய்தால் செலவும் குறையும். துப்பாக்கி அட்டைக்கு மட்டுமே உரியது.

முடிவாக

பொதுக்கூட்டம் குறித்த நாளில் நடந்தது. நூலில் கோத்த அட்டைகளையும் நோட்டுப் புத்தகத்தையும் இளைஞர்களே கொண்டு வந்து வைத்தார்கள். காரியதரிசியைப் பற்றி மிகுதியாகப் பேசியவர் எழுந்து, "நாங்கள் பிடித்த பிடி தப்பு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். காரியதரிசியின் பெயர் எந்தத் தீர்மானத்திலும் ஏறவில்லை. கூட்டுறவு வாரத்துப் போட்டியில் தார் சுற்றும் அந்தப் பெண்ணே முதலாவதாக வந்தாள்.

இதை எழுதுவதன் நோக்கம் எல்லாச் சங்கங்களும் துப்பாக்கி வாங்க வேண்டும் என்பதன்று. கையாளும் முறையைச் சோதிக்காமல் கருவியைப் பழிப்பதும், கருவியைச் சோதிக்காமல் மனிதரைப் பழிப்பதும் சங்கத்துக்கு நல்லதல்ல. ஒவ்வொன்றாக மாற்றி, ஐந்து முறை பார்த்து, கண்டதை எழுதிவைத்துப் பிறகு தீர்ப்புச் சொல்வோமானால், குண்டும் குறியில் படும்; குற்றமற்றவர் மேல் படவேண்டாத சொல்லும் படாது.